இருபது ரூபாய்க் கீரையும் மூன்றடி பால்கனியும்

எங்கள் தெருவில் ஒரு கட்டு அரைக்கீரை இருபது ரூபாய். மழைக்காலத்தில் முப்பதைத் தொடும். வீட்டில் செடி வளர்ப்பது பற்றி யார் கேட்டாலும் நான் இந்த விலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். தொட்டி வாங்கலாமா, உரம் வாங்கலாமா, அடுக்கடுக்காகச் செடி வைக்கும் அந்த ஸ்டாண்டை வாங்கலாமா என்று எந்தக் கேள்வி வந்தாலும், அது எத்தனை கட்டுக் கீரைக்குச் சமம் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாயிரம் ரூபாய் ஸ்டாண்டு என்றால் நூறு கட்டுக் கீரை. வாரம் ஒரு கட்டு அறுத்தாலும் போட்ட முதல் திரும்ப இரண்டு வருஷம் ஆகும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு வருஷம் என்பது நீண்ட காலம்.

நான் இருப்பது சென்னையில், மடிப்பாக்கம் பக்கம். இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. கிழக்கு பார்த்த பால்கனி, எட்டடி நீளம், மூன்றடி அகலம். அதில் ஒரு மூலையை வாஷிங் மெஷின் எடுத்துக்கொண்டது. மேலே துணி காயப்போடும் கொடி. மிச்சம் இருப்பதுதான் தோட்டம்.

தமிழில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மாடித்தோட்டத்தைத்தான் சொல்கிறார்கள். தோட்டக்கலைத் துறையும் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கிட் கொடுக்க ஆரம்பித்தது மாடித்தோட்டத்துக்காகத்தான். நல்ல திட்டம். பை, தேங்காய் நார்க் கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் ஒன்றாகக் கிடைத்ததால் நிறையப் பேர் முதல்முறையாக மண்ணில் கை வைத்தார்கள். ஆனால் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மாடி சொந்தமில்லை. சாவி அசோசியேஷனிடம் இருக்கும். அங்கே தண்ணீர் தேங்கினால் மேல்தளம் ஒழுகும் என்ற பயம் அவர்களுக்கு, அது நியாயமான பயமும்கூட. ஆகவே மாடியில் வெயில் கொட்டுகிற இடத்துக்குச் சொன்ன யோசனைகளை அப்படியே பால்கனிக்குக் கொண்டுவந்தால் அவை கத்தரியும் வெண்டையும் காலிஃபிளவரும் வைக்கச் சொல்லும். பால்கனிக்கு அது சரிவராது.

காரணம் வெயில். காய் காய்க்கிற செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். எங்கள் பால்கனிக்குக் காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை வெயில் வரும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நடுவில் கொஞ்ச நேரம் மறைக்கும். இந்தக் கணக்கு தெரிந்ததும் என்ன வளர்க்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது என்று தரையிலும் சுவரிலும் கோடு போடுங்கள். ஒரு பைசா செலவில்லை, இதைவிடப் பயனுள்ள வேலையும் இல்லை. கோடு போடும்போது இன்னொன்றும் தெரியவரும். பால்கனியின் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் இருந்தால் தரையில் பெரும்பாலான நேரம் வெயில் படாது. செடியைத் தரையில் வைத்துவிட்டு ஏன் வளரவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு மண்ணும் உரமும் காரணமாக இருப்பதில்லை. பழைய டிவி ஸ்டாண்டு, உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூல், செங்கல் அடுக்கு, எது கிடைத்தாலும் அதன் மேல் ஏற்றி வையுங்கள். ஆனால் கைப்பிடிச் சுவருக்கு உட்பக்கம் மட்டும். காற்றடித்து ஒரு தொட்டி கீழே போனால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுத் தெற்கு பார்த்த பால்கனிதான் சிறந்தது என்று நம் ஊரிலும் சிலர் சொல்கிறார்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் வடக்குப் பால்கனிக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் வரும், தெற்குப் பால்கனி நிழலில் இருக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை நிலைமை தலைகீழ். வடக்குப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சித்திரை பிறந்ததும் கீரை விதைத்தால் உங்களுக்கும் மூன்று மாத வெயில் உண்டு. மற்ற மாதங்களில் நிழல் தாங்கும் வல்லாரையும் கற்பூரவல்லியும் புதினாவும் போதும்.

சரி, என்ன வளர்ப்பது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். எதைக் கட்டாக வாங்கி, கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை ஃபிரிட்ஜில் அழுகவிட்டுத் தூக்கிப் போடுகிறோம்? புதினா. ரசத்துக்குக் கிள்ளிப்போட இரண்டு கொத்து போதும் என்றாலும் கட்டாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கொத்தமல்லியும் அப்படித்தான். மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணுக்கு ஒரு கைப்பிடி வேண்டும், தேடினால் அன்றைக்குக் கிடைக்காது. பச்சை மிளகாய் தினமும் இரண்டு வேண்டும். இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டும்போது வேண்டிய அளவு பறிக்கக்கூடியவை. பால்கனி தருவதும் அந்த அளவுதான். உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் கோயம்பேட்டிலிருந்து வரட்டும்.

தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். 2021 நவம்பர் மழையின்போது சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மறுபடியும் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றது. அப்படி விலை ஏறும்போதெல்லாம் வீடுகளில் அழுகல் தக்காளியைப் பிழிந்து விதைப்பார்கள். விதைத்து, நாற்று எடுத்து நட்டு, பழம் பார்க்க மூன்று மாதம் ஆகும். அதற்குள் விலை இறங்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர் இரவு வெப்பம். தக்காளிப் பூ காயாகப் பிடிக்க இரவு குளிர்ந்தாக வேண்டும். மே, ஜூனில் சென்னை இரவு 27, 28 டிகிரி. செடி தளதளவென்று வளரும், பூக்கும், பூவெல்லாம் உதிரும். தெற்கோ மேற்கோ பார்த்த, நல்ல வெயில் வருகிற பால்கனி இருந்தால் புரட்டாசி கடைசியில் நாற்றுவிட்டு, பெருமழை ஓய்ந்ததும் நட்டு, தை மாசியில் பழம் பறிக்கலாம். ஒரு செடிக்கு 15 லிட்டர் மண்ணாவது வேண்டும். அதே 15 லிட்டரில் மிளகாய் வைத்தால் எங்கள் குடும்பத்துக்குப் பல மாதம் காய்க்கிறது. அதனால் நான் மிளகாய் கட்சி. நான்கு மணி நேர வெயிலில் மிளகாய் கொஞ்சம் குறைவாகத்தான் காய்க்கும், ஆனால் காய்க்கும்.

பாத்திரத்துக்குக் காசு செலவு செய்யாதீர்கள். மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கும். கேட்டால் சும்மா கொடுப்பார்கள், இல்லையென்றால் இருபது முப்பது ரூபாய். நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். கீரைக்கு அரையடி ஆழம் போதும் என்பதால் இந்தப் பெட்டிக்கு இணையில்லை. கனமும் இல்லை, வேருக்குச் சூடும் ஏறாது. வெயில் பட்டுப்பட்டு உதிர ஆரம்பிக்கும் என்பதால் வெளிப்பக்கம் பழைய சாக்கு சுற்றிவிட வேண்டும். அடியில் பென்சில் பருமனுக்கு ஓட்டைகள். மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் இருபது லிட்டர் பெயின்ட் வாளி. பெயின்டர் அண்ணனிடம் சொல்லி வைத்தால் கிடைக்கும். எமல்ஷன் பெயின்ட் இருந்த வாளியாகப் பார்த்து வாங்கி, ஒட்டியிருப்பதைச் சுத்தமாக உரித்தெடுங்கள். அரிசிப் பையை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலில் ஒரு வருஷம்கூடத் தாங்காமல் நூல் நூலாகப் பிரிந்துவிடும், செடியோடு தூக்கவும் முடியாது.

மண் கலவைதான் காசு கேட்கிற இடம். ஐந்து கிலோ தேங்காய் நார்க் கட்டி ஒன்று இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் எழுபது லிட்டர் வரை உப்பும். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் மிஞ்சுகிற துகள்தான் அது. அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து வடித்தால்தான் விதை முளைக்கும். சத்தென்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை, ஈரத்தைப் பிடித்து வைக்கும், கனத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதனால் நார்த்தூள் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு. கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் செம்மண்ணை மட்டும் போட்டால் நனைந்த பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும், பால்கனியும் அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. எல்லாம் சேர்த்து முதல் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஐம்பது கட்டுக் கீரை. எங்கள் வீட்டில் மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குப் பறிக்கிறோம் என்று வைத்தால் வருஷம் முடிவதற்குள் முதல் வந்துவிடும்.

இப்போது அரைக்கீரை விதைப்பதைச் சொல்கிறேன், இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. விதை கடுகைவிடச் சிறியது, கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஒரு சிட்டிகை விதைக்கு இரண்டு கைப்பிடி காய்ந்த மணல் கலந்து, விரலிடுக்கில் நழுவவிட்டுக்கொண்டே பெட்டி முழுக்கத் தூவ வேண்டும். மேலே நார்த்தூள் ஒரு தூவல், விதை மறைந்தால் போதும். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். வாட்டர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். எறும்பு விதையைத் தூக்கிப் போகும், பெட்டியின் விளிம்பில் கொஞ்சம் சாம்பல் போட்டால் வராது. புறா கிளறும். முளைத்துக் கொஞ்சம் வளரும் வரை பழைய கொசுவலைத் துண்டு மேலே இருக்கட்டும். நாலைந்து நாளில் சிவப்புக் கலந்த தண்டோடு முளைகள் எழும்பும். அடர்த்தியாக இருக்கிற இடத்தில் பிடுங்கிவிடுங்கள், பிடுங்கியதையும் சாம்பாரில் போடலாம். நான்கு வாரத்தில் முதல் அறுப்பு. வேரோடு பிடுங்காமல், மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவிலிருந்து இரண்டு மூன்று கிளை கிளம்பும். அடுத்த அறுப்பு இரண்டு வாரத்தில். வெட்டிய அன்றைக்கே ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவி நீர் தெளித்தால் இலை பெரிதாக வரும். பட்டினி போட்டால் இலை சிறுத்து, சீக்கிரமே பூத்து விதைக்குப் போய்விடும்.

கீரை இனம் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்பதற்கு உடலமைப்பிலேயே காரணம் உண்டு. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் சோளம், கரும்பு போல ‘சி4’ வகைத் தாவரங்கள். மற்ற செடிகள் வெப்பத்தில் சோர்ந்துபோகும்போது இவை வெயிலை முழுசாகப் பயன்படுத்தி வளரும். அக்னி நட்சத்திரத்திலும் தண்ணீர் மட்டும் தவறாமல் இருந்தால் தண்டுக்கீரை நிமிர்ந்து நிற்கும். பாலக் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் மார்கழி வரை காத்திருக்கட்டும். கொத்தமல்லிக்கும் அதுதான் காலம். மளிகைக் கடைத் தனியாவைச் செருப்பால் லேசாக நசுக்கி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைக்கும்.

விதையே வேண்டாத கீரைகளும் இருக்கின்றன. ஊரிலிருந்து வரும்போது அம்மா ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்த பொன்னாங்கண்ணித் தண்டுகள்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கொடிப்பசலையும் அப்படித்தான், ஒரு முழத் தண்டை நட்டால் கிரில் முழுக்கப் படர்ந்து வெயிலுக்கு மறைப்பாகவும் இருக்கும், பருப்பில் போட்டுக் கடையவும் ஆகும். கடையில் வாங்கிய புதினாவில் தடித்த தண்டாக நான்கு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். தவசிக்கீரைக் குச்சி கிடைத்தால் விடாதீர்கள்.

பால்கனியே இல்லை, ஜன்னல் மட்டும்தான் என்றால் வெந்தயம். தட்டில் ஓர் அங்குலம் நார்த்தூள், அதன் மேல் நெருக்கமாக ஊறவைத்த வெந்தயம். பத்து நாளில் கத்தரித்து எடுத்தால் சப்பாத்தி மாவில் பிசையலாம். ஜன்னலும் இல்லையென்றால் பச்சைப்பயறு. காய்ந்த பயறில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை, முளைவிட்டதும் அது உருவாகிறது. ஈரத்துணி மட்டும் போதும். இதையும் வீட்டில் உணவு விளைவிக்கும் கணக்கில்தான் நான் சேர்ப்பேன்.

தண்ணீருக்கு வருவோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. அரிசி கழுவிய நீரும் பருப்பு கழுவிய நீரும் எங்கள் பெட்டிகளுக்குப் பாதி நாள் போதும். ஏசி இருக்கிற வீட்டில் வெளியே சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது. ஆர்ஓ கழிவுத் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை. எங்கள் பகுதி போர் தண்ணீரே உப்பு, அதைச் செறிவாக்கி ஊற்றினால் இலை நுனி கருகும். ஐப்பசி மழை வந்ததும் பெட்டிகளை ஒவ்வொன்றாக மழை படுகிற ஓரத்துக்கு நகர்த்தி நனையவிடுவேன். வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும்.

வழிகிற தண்ணீர் கீழ்வீட்டுக்குப் போகக் கூடாது. கீழ்வீட்டு அக்கா ஒரு நாள் மேலே வந்து, “ஏம்மா, கீரை போடு, யாரு வேணாம்னா? ஆனா காயப்போட்ட வெள்ளை வேட்டில செம்மண்ணு சொட்டுனா அவரு என்னைத்தானே கேப்பாரு” என்றார். அதன் பிறகு எல்லாப் பெட்டிக்கும் அடியில் தட்டு. அதோடு விஷயம் முடியவில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தட்டில் மணலை நிரப்பி வைத்திருக்கிறேன். தண்ணீர் மணலில் நிற்கும், மேலே தேங்காது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுவேன்.

பூச்சிக்கு மருந்து என்று கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளிக்க வேண்டும். மிளகாயில் பூ உதிர்ந்தால் புளித்த மோரும் பெருங்காயமும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யாவைப் பலரும் சொல்வார்கள், லிட்டருக்கு 30 மில்லி. பலன் உண்டு, ஆனால் சுவரோடு சுவராக வீடுகள் இருக்கிற இடத்தில் வாடை பிரச்சினை. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையில் ஏதாவது ஒட்டியிருந்தால் குனிந்து பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கும். நான் இலையோடு கிள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கோயில் வில்வ மரத்தில் விட்டுவிடுவேன். வில்வமும் அதற்கு உணவுதான்.

காசு செலவில்லாமல் தோட்டம் தொடர்வது எருவில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று அறுப்பில் பெட்டி மண் சத்து வற்றிப்போகும். ஒவ்வொரு முறையும் மண்புழு உரம் கிலோ இருபது ரூபாய் கொடுத்து வாங்கினால் கணக்கு உதைக்கும். ஓட்டை போட்ட இரண்டு வாளிகள் வைத்துக்கொண்டால் ஒன்று நிறையும்போது மற்றொன்று மக்கிக்கொண்டிருக்கும். காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல் போட்ட ஒவ்வொரு முறையும் அதே அளவு காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ நார்த்தூளோ போட்டு மூட வேண்டும். ஈரமும் காய்ந்ததும் சரிசமமாக இருந்தால் வாடையே வராது. வாடை வந்தால் காய்ந்தது போதவில்லை என்று பொருள். சமைத்த சோறு, மீன் முள் வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உதிரும்.

இத்தனையும் செய்தால் வீட்டுக்கு வேண்டிய கீரை முழுவதும் கிடைத்துவிடுமா என்றால் கிடைக்காது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் கீரை சாப்பிடச் சொல்கிறது. நாங்கள் மூன்று பேர். ஒரு பெட்டி ஓர் அறுப்புக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிராம் தரும். கீரைக்காரம்மாவிடம் இன்னமும் வாங்குகிறோம், வாங்க வேண்டியதுதான். ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அடுப்பில் பருப்பு வேகும்போது பறித்துப் போடுகிற கீரை, மருந்து படாதது, வாடாதது, எங்களுக்குக் கிடைக்கிறது. அதன் ருசிக்கு இருபது ரூபாய்க் கணக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதைக்குச் செலவழிக்காமல் இருக்க, நாலைந்து அறுப்புக்குப் பிறகு ஓரத்தில் நல்ல செடியாக இரண்டை வெட்டாமல் விடுங்கள். கதிர் காய்ந்து பழுப்பேறியதும் அறுத்து, தட்டில் வைத்து உள்ளங்கையால் கசக்கி, மெல்ல ஊதினால் உமி பறந்து விதை நிற்கும். ஒரு கதிரில் பல பெட்டிக்குப் போதுமான விதை இருக்கும். நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து, மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கிறேன். கீழ்வீட்டு அக்காவும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் பால்கனிக்கு எங்களைவிடக் கொஞ்சம் வெயில் குறைவு, அதனால் அரைக்கீரையோடு வல்லாரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.